ஒண்ணா, வேறயா

நாற்பது ஜோடிச் சொற்களை
கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு
திருத்தணியில் காலை பஸ் ஏறி
ஏகாம்பரக்குப்பத்தில் இறங்கினேன்.
கைப்பையில் ரெக்கார்டர்.
கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்:
ஒண்ணா, வேறயா?

தேசம்மா, வயது நாற்பத்தாறு, விசைத்தறி.
வீட்டில் தெலுங்கு, கூலி பேசுவது தமிழில்.
சண்டை எதில் என்று படிவம் கேட்கவில்லை.
அவளாகவே சொன்னாள்: ரெண்டிலயும்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை.
ஷெட்டில் ஈ பறப்பது கேட்டது.
தொண்டை அதிரச் சொன்னால் குடி, கோயில்.
அதிராமல் சொன்னால் குடி, வலதுபக்கம்.
"வேற" என்றாள்.
அதிராத பாட, பாட்டு.
அதிர்கிற பாட, பாதை.
"வேற வேற. இதைக் கேக்கறதுக்கா
பஸ் ஏறி வந்தே?"

ஆமாக்கா.
ஒலியன் என்று பேர்.
தனக்கென்று ஒரு அர்த்தமும் கிடையாது,
இடம் மாறி உட்கார்ந்தால்
மொத்தச் சொல்லின் அர்த்தத்தையும் மாற்றிவிடும்.
"எங்க மேஸ்திரி மாதிரி" என்றாள்.

பதினேழாவது ஜோடியில் கரண்ட் வந்தது.

பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில்.
தகரக் கூரையோடு சேர்ந்து
என் பல்லும் ஆடியது.
தேசம்மா எழுந்து போய்
தன் தறியில் நின்றாள், நின்றபடியே
நாலு தறி தள்ளி நிற்பவளோடு பேச ஆரம்பித்தாள்.
குரல் இல்லை. உதடு மட்டும்.
அங்கிருந்து பதில், மறுபதில், சிரிப்பு,
யாருடைய மருமகளைப் பற்றியோ
ஒரு முழு வழக்கும் தீர்ப்பும்.

நோட்டைத் தூக்கிக் காட்டி
நானும் உதட்டால் கேட்டேன்.
ஒரு விரல் நீட்டினாள்: ஒண்ணு.
அடுத்தது. ஒண்ணு.
காலையில் வேறாயிருந்த
கோயிலும் வலதுபக்கமும்
ஒண்ணு.
பாட்டும் பாதையும்
ஒண்ணு.
தொண்டைக்குள் நடப்பது
உதட்டுக்குத் தெரிவதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.
மகன் பேர் பாலு.
சூரத்துக்கு வேலைக்குப் போனவன்,
ரெண்டு தீபாவளிக்கு வரவில்லை.
போன மாசியில் ஒரு மத்தியானம்
முதலாளி வீட்டுப் பையன்
ஷெட் வாசலில் நின்று உதட்டால் சொன்னானாம்:
பாலு வந்தாச்சு.

தெலுங்கில் சொல்லியிருந்தால்
வினைச்சொல்லின் வாலைப் பிடித்தாவது
கண்டுபிடித்திருப்பாள்,
வந்தது ஆளா, பாலா என்று.
அவன் தமிழில் சொன்னான்.
அவளுக்கு இழை அறுந்த நேரம்.
தலையைத் திருப்பாமலே கையால் காட்டினாள்:
அடுப்பு மேல வை.
தட்டு போட்டு மூடு. பூனை வரும்.

முக்கால் மணி நேரம்
வாசல்படியில் பையோடு உட்கார்ந்திருந்தானாம்,
அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று.
கரண்ட் போன பிறகுதான்
அவன் இருமியது காதில் விழுந்தது.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்,
சோற்றுக்கையால் வாயை மூட முடியாமல்
முழங்கையால் மூடிக்கொண்டு.

பிறகு இடதுகையால் என் விரல்களை இழுத்துத்
தன் கழுத்தில் வைத்தாள்.
பாலு என்றாள்.
உதடு பிரிந்தது, அப்புறம்தான் அதிர்வு.
பாலு என்றாள்.
இந்த முறை உதடு பிரியும் முன்பே
விரலுக்கு வந்துவிட்டது,
பஸ் கிளம்புமுன் ஜன்னல் கம்பியில் வருவதுபோல.
"இவ்ளோதான். எழுதிக்கோ."
கையைக் கழுவும்போது கேட்டாள்:
"எனக்கு மீட்டருக்கு இத்தனைன்னு கூலி.
உனக்கு ஒரு சத்தத்துக்கு எவ்ளோ?"

திரும்பும் பஸ்ஸில்
ரெக்கார்டரை ஓடவிட்டேன்.
பாதிக்கு மேல் தறிதான்.
நடுவில் எங்கோ ஒரு தட்டு விழுகிறது.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
எந்தச் சூழலில் வேறுபாடு மறைகிறது?
சொல்முதலில், சொல்லிடையில், சொல்லிறுதியில்
என்று எழுதுவார்கள்.
நான் எழுதினேன்:
கரண்ட் இருக்கும்போது.

நெறியாளர் அதைச் சிவப்பு மையில்
சுழித்துக் கேள்விக்குறி போட்டிருந்தார்.
பக்கத்திலேயே
அவளுடைய பேரையும் சுழித்திருந்தார்,
த எழுதியிருக்கிறாயே,
இது எந்தத் த என்று.